இஸ்லாமிய உலகில் வானியல் ஆய்வு தளர்ந்தது ஏன்?

கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் இஸ்லாம். தொழுகை நேரம், கிப்லாவின் திசை, பிறையின் தோற்றம் ஆகியவற்றைக் கணிக்க வேண்டிய தேவை முஸ்லிம் அறிஞர்களை வானியலின்பால் ஈர்த்தது. பல நூற்றாண்டுகள் உலகுக்கு வழிகாட்டிய அவ்வாய்வு பின்னர்த் தளர்ந்தது ஏன்? இமாம் கஸ்ஸாலியின் தத்துவ மறுப்பே காரணம் என்பர் ஒரு சாரார். 1258-இல் மங்கோலியர் பக்தாதை அழித்ததே காரணம் என்பர் மறுசாரார். இவ்விரு விடைகளும் போதியன அல்ல.

கஸ்ஸாலி மறைந்தது 1111-இல். பெரும் வானாய்வுக்கூடங்கள் பல எழுந்தது அதன் பின்னரே. பக்தாதை அழித்த ஹுலாகுவின் ஆதரவிலேயே, 1259-இல், ஈரானின் மராகாவில் நஸீருத்தீன் தூஸி வானாய்வுக்கூடம் அமைக்கத் தொடங்கினார். தாலமியின் கோளமைப்பிலிருந்த குறைகளை நீக்க அவர் முனைந்தார். அவ்வழியில் வந்தவர் டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஷாத்திர் (1304–1375). அவர் பூமியையே நடுவாகக் கொண்டவர். எனினும், அவர் வகுத்த நிலவின் இயக்க அமைப்பும், 1543-இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸ் நூலில் காணப்படும் அமைப்பும் வடிவில் ஒத்திருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது.

அரசரை நம்பிய கூடங்கள்

சமர்கந்தை ஆண்ட உலுக் பேக் தாமே வானியலறிஞர். அவர் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிலைகள் அட்டவணைப்படுத்தப் பெற்றன. 1449-இல் மகனின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். கூடமும் பாழடைந்தது. அது நின்ற இடம் 1908-இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டது.

இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவுடன் தகியுத்தீன் எழுப்பிய கூடம் 1577-இல் செயற்படத் தொடங்கிற்று. மார்க்கத் தலைவரின் எதிர்ப்பும் அரசவைப் பூசலும் சூழ, 1580-இல் அதே சுல்தானின் ஆணையால் அது இடிக்கப்பட்டது.

அக்காலத்தில் டென்மார்க்கில் டைகோ பிராகி அமைத்த கூடமும் அரசரை நம்பியதே. 1597-இல் அவர் ஆதரவிழந்து நாடு நீங்கினார், கூடமும் அழிந்தது. ஆயின், அவருடைய குறிப்புகளைக் கெப்ளர் ஏற்று ஆராய்ந்தார். 1609-இல் கோள்களின் இயக்க விதிகள் அச்சேறின. இலண்டனில் 1660-இல் ராயல் சொசைட்டி தோன்றியது. 1665-இல் அறிவியல் இதழும் வெளிவந்தது. ஆய்வாளர் மறைந்தாலும் ஆய்வு மறையாத நிலை அங்கு உருவாயிற்று. இஸ்தான்புல்லில் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் துருக்கி நூல்களை அச்சிட இசைவு கிடைத்ததோ 1727-இல்தான்.

நிலைத்தது எது?

இப்னு ஷாத்திர் அரசவைப் புலவர் அல்லர். உமையாப் பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளர். பள்ளிவாசல்களைச் சார்ந்த இப்பணி அரசுகள் மாறிய பின்னும் நீடித்தது. நேரம் கணித்தலுக்கு நிலையான இருக்கை இருந்தது. விண்ணை ஆராய்தலுக்கோ அத்தகைய இருக்கை இல்லை. அரசர் வீழ்ந்தால் ஆய்வும் வீழ்ந்தது. தளர்ச்சியின் காரணங்களுள் தலையாயது இதுவே எனலாம்.

இது பழங்கதை அன்று. நம் சமுதாயக் கல்லூரிகளும் கொடையால் எழுந்தவையே. கட்டடத்திற்குக் கொடை அளிக்கும் பெருமக்கள் ஆய்விருக்கைக்கும் நூலகத்திற்கும் ஆய்விதழுக்கும் அளித்தல் வேண்டும். ஓய்வுபெறும் ஆசிரியரின் ஆய்வைத் தொடர ஒரு மாணவராவது உளரா என்று ஒவ்வொரு துறையும் தன்னைத்தானே வினவிக்கொள்ள வேண்டும். முன்னோர் பெருமை பேசுவதினும் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.