பின்னால் வருவோருக்கு வழி

சென்ற ஆண்டு கோடைக்கானலில் சில நாட்கள் தங்கியிருந்தேன். காலைதோறும் நான் உலாவச் சென்ற சாலை, அங்குள்ள கோல்ஃப் மைதானத்தை ஒட்டிச் செல்வது. ஒருநாள் அங்கே முதியவர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் ஆடிக்கொண்டிருந்தனர். முதியவர் அடித்த பந்து புதரொன்றில் விழுந்து மறைந்துவிட்டது. இருவரும் மட்டையால் புல்லை விலக்கித் தேடலாயினர். அவர்களுக்குப் பின்னால் இளைஞர் மூவர் காத்து நின்றனர். அவர்கள் கூச்சலிடவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. சிறிது நேரத்தில் முதியவர் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தி, முன்னே செல்லுமாறு சைகை காட்டிவிட்டு, துணைவியாருடன் ஓரமாக ஒதுங்கி நின்றார். இளைஞர்கள் தத்தம் பந்தை அடித்து, இவர்களைக் கடக்கும்போது நன்றி கூறிச் சென்றனர். அவர்கள் வெகுதூரம் போன பின்னரே முதியவர் தம் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

வழி விட்டவர் முகத்தில் தாழ்வு இல்லை. வழி பெற்றவர் முகத்தில் செருக்கு இல்லை. இது எவ்வாறு இயன்றது என்று அறிய விரும்பி, அவ்விளையாட்டின் விதிகளையும் மரபுகளையும் படித்துப் பார்த்தேன். அவற்றுள் மாணவர்களாகிய உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது.

கோல்ஃப் மைதானத்தில் பொதுவாகப் பதினெட்டுக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியும் நாலேகால் அங்குல விட்டம் உடையது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நீண்ட புல்தரை உண்டு. இரண்டு, மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழுக்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு ஆடிக்கொண்டே செல்லும். பந்தோ கடினமானது, கைதேர்ந்தவர் அடித்தால் இருநூறு கஜத்துக்கு மேலும் பறக்கும், எவர் தலையிலேனும் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முன்னே இருப்போர் பந்து எட்டாத தூரத்துக்குச் செல்லும்வரை, பின்னே இருப்போர் அடித்தல் ஆகாது. சாலையில் மணியடித்து முந்திச் செல்வதுபோல் இங்கே செல்ல இயலாது. முன்னே இருப்பவர் மனம் வைத்தாலன்றி வழி திறவாது.

தாமதம் எவ்வாறு பெருகுகிறது என்பதைச் சிறிய கணக்கொன்றால் காணலாம். நால்வர் ஆடுகின்றனர், ஒவ்வொருவரும் 90 அடி அடிக்கின்றனர் என்று கொள்வோம். மொத்தம் 360 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் பத்து விநாடி வீணானால் 3600 விநாடிகள். அதாவது, முழுமையாக ஒரு மணி நேரம்! பத்து விநாடி என்பது வீணாக்குபவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வரும் குழுவுக்கு அது தெரியும். அதற்கும் பின்னால் வரும் குழுவுக்கும் தெரியும். முன்னே தேங்கிய தேக்கம் கடைசிக் குழுவரை செல்கிறது.

இதற்குப் பெரியோர் கண்ட வழி யாது? இவ்விளையாட்டின் மிகப் பழைய எழுத்து விதிகள், 1744-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் எடின்பரோவை அடுத்த லீத் என்னுமிடத்தில் வகுக்கப்பட்டவை. அவை பதின்மூன்றே விதிகள். குழிக்கு மிகத் தொலைவில் எவர் பந்து கிடக்கிறதோ அவரே முதலில் அடிக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு குழுவுக்குள் எவர் முந்தி, எவர் பிந்தி என்பதை அவ்விதி தீர்த்து வைத்தது. குழுவுக்கும் குழுவுக்கும் இடையே உள்ள முறையை மரபு தீர்த்து வைத்தது. முன்னே செல்லும் குழுவுக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு குழிக்குரிய தரை முழுதும் வெறுமையாகக் கிடந்து, பின்னால் வருவோர் காத்து நின்றால், அவர்களை முன்னே செல்ல அழைக்கவேண்டும். பந்து எளிதில் அகப்படாது என்று தோன்றிய உடனேயும் அவ்வாறே அழைக்கவேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முன்னே இடம் வெறுமையாக இல்லையேல், வழி விடுவதால் பயன் ஒன்றும் இல்லை. முந்திச் சென்றவர் அடுத்த குழியில் போய் நிற்கவேண்டியதுதான். ஆகவே பொறுப்புள்ள ஆட்டக்காரர் முன்னும் பார்க்கவேண்டும், பின்னும் பார்க்கவேண்டும். பின்னால் வருவோருக்கும் கடமை உண்டு. அழைக்காதபோது பந்தை அடித்து அச்சுறுத்தலாகாது. அழைத்தால் விரைந்து சென்று, நன்றி கூறவேண்டும்.

2019-ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டபோது, காணாமற்போன பந்தைத் தேடுவதற்குரிய நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைந்தது. தடையின்றி ஆடக்கூடிய நிலை வந்தபின் நாற்பது விநாடிக்குள் அடிப்பது நன்று என்றும் பரிந்துரைக்கப்பட்டது. அடிகளின் எண்ணிக்கையால் வெற்றி காணும் ஆட்டத்தில், பாதுகாப்பாக இருக்குமாயின், தொலைவு முறையைப் பாராமல் ஆயத்தமானவர் முதலில் அடிக்கலாம் என்றும் ஊக்கம் அளித்தனர். பிறர் நேரத்தைக் காக்கும்பொருட்டு 1744-இன் ஒழுங்கே சற்று நெகிழ்ந்து கொடுத்தது.

இதனைப் படித்தபோது, முன்பு நான் கணிதம் கற்பித்த வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், நான் கொடுத்த கணக்குகளைக் கால் மணியில் முடித்துவிடுவான். "ஐயா, அடுத்த பயிற்சியைப் போடட்டுமா?" என்று எழுந்து கேட்பான். "மற்றவர்கள் முடிக்கட்டும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்" என்பேன். சில வாரங்களில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். ஆண்டிறுதித் தேர்வில் அவனுடைய மதிப்பெண் குறைந்தபோதும், பிழை என்னுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியன் நான். ஆயினும் அன்று நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னே வழி வெறுமையாகத்தான் கிடந்தது.

மெதுவாகச் செல்வது குற்றமன்று. அந்த முதியவர் கடைசிவரை மெதுவாகவே ஆடினார். தம் ஆட்டத்தை நன்றாகவே அனுபவித்தார். தம்மால் பிறர் நிற்கின்றனரா என்று பாராதிருப்பதே குற்றம். நீங்கள் கோல்ஃப் ஆடாதிருக்கலாம். எனினும் நூலகத்தில் ஒரே நூலுக்காகப் பலர் காத்திருப்பர். ஆய்வுக்கூடத்தில் ஒரே தராசுக்காகப் பலர் நிற்பர். அப்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எவரேனும் நின்றால், அவர் கேட்குமுன் கையை உயர்த்துங்கள்.