கப்பல் கரை சேர்ந்த பின்

நம் விடுதி வாசகசாலைக்கு மாலை வேளையில் சென்று பாருங்கள். விளையாட்டுப் பக்கம் பலர் கைபட்டுக் கந்தலாகியிருக்கும். தேர்தல் செய்திகளின் ஓரத்தில் தேநீர்க் கறை காணப்படும். வெளிநாட்டுச் செய்திப் பக்கம் மட்டும் மடிப்புக் கலையாமல் கிடக்கும். பிறரைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கந்தலில் என் கைக்கும் பங்குண்டு. ஆயினும் இது ஏன் இப்படி என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

நார்வே நாட்டு அறிஞர்களான கால்ட்டுங், ரூகே ஆகிய இருவரும் 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய நாடுகளின் நெருக்கடிகளைத் தம் நாட்டுப் பத்திரிகைகள் நான்கு எவ்வாறு வெளியிட்டன என்று பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை வானொலி. காற்றெங்கும் அலைகள் இருந்தாலும் நம் பெட்டி சிலவற்றைத்தானே பிடிக்கிறது? திடீரென நிகழ்வது, நம்மவரைத் தொடுவது, வல்லரசுகளைப் பற்றியது ஆகியவை எளிதில் பிடிபடும். மெல்ல மெல்ல நிகழ்வது தப்பிவிடும்.

இதை எண்களில் காட்டினார்கள் ஐசென்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்னும் வேறிருவர். 1968 முதல் 2002 வரை நிகழ்ந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளோடு ஒப்பிட்டு, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். எரிமலையால் ஒருவர் இறந்தால் கிடைக்கும் கவனம், உணவுப் பஞ்சத்திற்குக் கிடைக்க 40,000 பேர் இறக்க வேண்டுமாம்! ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கும் நாளில் பேரிடர் வந்தால் செய்தி குறைகிறது. செய்தி குறைந்தால் அமெரிக்க அரசின் உதவியும் குறைகிறது. எனவே இது வெறும் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிய பேச்சன்று.

தூரம் என்றால் கடல் கடந்துதான் இருக்க வேண்டுமென்பதில்லை. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தபோது டில்லியில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிதழை அப்பா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பாட்டி அங்கே இருந்தார்; தொலைபேசி கிடைக்கவில்லை. உள்பக்கத்தில் நாலு வரி இருந்தது. டிசம்பரில் சென்னை மூழ்கிய பிறகே அது தலைப்புச் செய்தியாயிற்று. எனக்கு அப்போது வயது பதின்மூன்று. அந்த நாலு வரியை அப்பா திரும்பத் திரும்பப் படித்தது நினைவிருக்கிறது.

அதே நான் சூடானை எப்படிப் படித்தேன்? 2023 ஏப்ரல் 15ஆம் நாள் அங்கே இராணுவத்திற்கும் துணைப் படைக்கும் போர் மூண்டது. இந்தியரை மீட்க நம் அரசு ஒரு பணியைத் தொடங்கி, அதற்குக் காவேரி என்றே பெயரிட்டது. தினந்தோறும் படித்தோம், எத்தனை பேர் கப்பலேறினர் என்று எண்ணினோம். 3,800க்கு மேற்பட்டோர் திரும்பினர். மே முதல் வாரத்தில் பணி முடிந்தது. எங்களுக்குப் போரும் முடிந்தது! உண்மையில் அது ஓயவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். ஓராண்டுக்கு மேல் முற்றுகையிலிருந்த எல் பாஷர் நகரம் 2025 அக்டோபர் 26ஆம் நாள் துணைப் படையிடம் வீழ்ந்தது. அந்த வாரம் நம் பெண்கள் அணி உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை வென்றது. வாசகசாலையில் எதைப் பற்றிப் பேசினோம் என்று உங்களுக்கே தெரியும். வெற்றி கொண்டாடத்தக்கதுதான், நானும் கூவினேன்.

எல் பாஷர் இருப்பது தார்பூர் பகுதியில். அங்கும் அதையடுத்த கோர்தோபானிலும் வேல மரத்தின் ஓர் இனம் வளர்கிறது. அதன் பட்டையைக் கீறினால் வடிவது அரபுக் கோந்து. உலகச் சந்தைக்கு வரும் அக்கோந்தின் பெரும் பகுதி சூடானிலிருந்தே வருகிறது. நாம் குடிக்கும் பல குளிர்பானங்களில் மணமூட்டும் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் காப்பது அதுதான். எங்கள் ஆய்வுக்கூட அலமாரியிலும் ஒரு சீசா இருக்கிறது. சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். விற்ற கம்பெனியின் பெயரும் எடையும் ஒட்டியிருந்தன. மரம் நின்ற நாட்டின் பெயர் இல்லை.