ஒழுகும் குடிநீர்க் குழாய்: பழுது நீங்கும் வரை செய்யத்தக்கன

தெருவிலுள்ள பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாயில் ஒழுக்கு ஏற்படுவது இக்காலத்தில் அரிய நிகழ்ச்சியன்று. மத்திய அரசு 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்திற்குப் பின்னர், கிராமங்களில் வீட்டு இணைப்புகள் மிகவும் பெருகியுள்ளன. இணைப்புகள் பெருகப் பெருக மூட்டுகளும் பெருகும். மூட்டு உள்ள இடமெல்லாம் கசிவுக்கு இடமுண்டு. பழுது பார்ப்பவர் அழைத்தவுடன் வந்துவிடுவதில்லை. இரண்டு நாட்களோ ஒரு வாரமோ கழிந்துவிடுகிறது. அந்த இடைக்காலத்தில் அங்கத்தினர்கள் தம் வீட்டில் செய்துகொள்ளக் கூடியவற்றையே இங்கே எழுதுகிறோம்.

ஒழுகும் குழாயைக் கண்டவுடன் "தண்ணீர் வீணாகிறதே" என்று வருந்துவது இயல்பு. அந்த வருத்தம் நியாயமானதே. ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் அது 120 லிட்டர் ஆகும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருப்பதை நோக்கினால், இரண்டு பேருக்குரிய தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று பொருள். துளை சிறியது என்றும் அலட்சியம் செய்வதற்கில்லை. 12 மீட்டர் உயரமுள்ள மேல்நிலைத் தொட்டியின் அழுத்தத்தில், 3 மில்லிமீட்டர் துளை வழியே மணிக்கு 200 லிட்டருக்கு மேல் வெளியேறக் கூடும் என்று கணக்குக் கூறுகிறது.

எனினும், வெளியே போகும் தண்ணீரைக் காட்டிலும் நாம் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. அஃதாவது, அதே துளை வழியாக உள்ளே வரும் தண்ணீர்.

நமது ஊர்களில் குழாயில் இரவு பகலாகத் தண்ணீர் நிற்பதில்லை. குறித்த நேரத்திற்கு விடுகிறார்கள், பிறகு நிறுத்துகிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாயின் உள்ளே அழுத்தம் மிகுதியாதலால் துளை வழியே நீர் வெளியே பீறிடுகிறது. நிறுத்தியவுடன், குழாயில் எஞ்சிய நீர் தாழ்ந்த பகுதிக்கு வடிகிறது. அப்போது குழாய்க்குள் வெற்றிடம் போன்ற நிலை உண்டாகி, துளையைச் சுற்றித் தேங்கிய சேறும் சாக்கடையும் உள்ளே இழுக்கப்படுகின்றன. மறுநாள் தண்ணீர் விட்டவுடன் முதலில் வந்து நம் குடத்தில் விழுவது அதுவே. தெருவில் எவரேனும் குழாயுடன் மோட்டாரை நேரே பொருத்தி உறிஞ்சுவாராயின், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வேளையிலேயே இந்த இழுப்பு நிகழும். மோட்டார் வைப்பது விதிக்கு மாறானது என்பதை அறியாதார் இல்லை. அது அண்டை வீட்டாரின் பங்கைக் குறைப்பதோடு நில்லாமல், அவர் குழந்தைக்கு வயிற்றுப்போக்கையும் அனுப்பி வைக்கக் கூடும் என்பதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தெளிவாக இருக்கிறதே, குடித்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. 1955-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லி நகரில் மஞ்சட் காமாலை பரவி, ஏறக்குறைய 29,000 பேருக்குக் கண்டது. அது வீட்டுக் குழாயின் ஒழுக்கினால் நேர்ந்ததன்று. யமுனையிலிருந்து நீர் எடுக்கும் இடத்தில் நகரச் சாக்கடை கலந்ததனால் நேர்ந்தது. ஆயினும் அதிலிருந்து நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சாக்கடை கலந்ததை அறிந்த அதிகாரிகள் குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். அதனால் டைஃபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. காமாலைக் கிருமியோ தப்பிவிட்டது. சாக்கடை கலந்த நீரில் மருந்து மட்டும் முழுக் காவலாகாது. அதனைக் கொதிக்க வைப்பதே நம்பத்தக்க வழி.

ஆகவே, இணைப்புக் குழாயில் ஒழுக்கு இருப்பது தெரிந்த நாள் முதல், அது முழுவதும் சரிசெய்யப்பெறும் நாள் வரை, குடிக்கவும் குழந்தைகளுக்குப் பால் கரைக்கவும் வேண்டிய தண்ணீரை நன்கு கொதிக்கவிட்டே உபயோகித்தல் வேண்டும். குமிழிகள் தளதளவென்று எழும் நிலையில் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கலங்கியிருந்தால் முதலில் மடித்த பருத்தித் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். கொதித்த நீரை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, கைவிட்டு அள்ளாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுக்க வேண்டும். குழாயில் முதல் சில நிமிடங்கள் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காமல், கழுவுவதற்கோ வாழைக்கோ விட்டுவிட வேண்டும்.

தரைத் தொட்டியில் தண்ணீரைச் சேமிப்பவர்கள், பிளீச்சிங் பவுடர் என்று வழங்கும் சலவைத் தூளைச் சேர்க்கலாம். சாதாரணமாக 1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல தூள் 2.5 கிராம் போதுமானது. அதனைச் சிறு பாத்திரத்தில் குழைத்து, பின்னர் நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். நூலை வெளுக்கும் பட்டறைகளில் இந்தத் தூள் கிடைக்கும் என்று எண்ணி, வாய் திறந்து கிடந்த பழைய மூட்டையிலிருந்து எடுத்து வருவது பயன் தராது. காற்றும் ஈரமும் பட்ட தூள் வீரியம் இழந்துவிடும். ஒழுக்குள்ள குழாயின் நீரைத் தூள் கலந்த பிறகும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

இங்கே நமது அங்கத்தினர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுளது. கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். சாயத்தையோ பூச்சிமருந்தையோ போக்காது. நீர் ஆவியாகக் குறையுமாதலால் அவை முன்னிலும் செறிவடையவே செய்யும். குழாய் செல்லும் வழியில் சாயப் பட்டறையின் கழிவுநீர் வாய்க்கால் இருந்தாலும், மருந்துத் தெளிப்பானைக் கழுவும் இடம் இருந்தாலும், அங்கே ஒழுக்கு ஏற்பட்டால் அந்தக் குழாயின் நீரைப் பழுது நீங்கும் வரை குடிக்கவோ சமைக்கவோ கூடாது. வேறு தெருக் குழாயிலிருந்து சுமந்து வருவதே செய்யத்தக்கது. பயிரிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருந்து கலக்கும் பீப்பாயில் ரப்பர் குழாயின் நுனியை மூழ்க விட்டுத் தண்ணீர் பிடிப்பது பலரது வழக்கம். அச்சமயம் தண்ணீர் நின்றுவிட்டால், பீப்பாயிலுள்ள மருந்தே குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிடக் கூடும். நுனி எப்போதும் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். குழாயில் துளையே இல்லாத வீட்டிலும் இந்த அபாயம் உண்டு.

ஒழுகும் இடத்தைக் காணுதல்

ஒழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் தொல்லை குறைவு. தரைக்கு அடியில் இருந்தால், வீட்டிலுள்ள குழாய்கள் அனைத்தையும் மூடிவிட்டு, தண்ணீர் வரும் வேளையில் ஒரு மரக்கோலின் ஒரு நுனியைக் குழாயின் மீதும் மறு நுனியைக் காதின் மீதும் வைத்துக் கேட்க வேண்டும். ஒழுக்கு உள்ள பக்கம் நெருங்க நெருங்க 'உஸ்' என்ற ஓசை மிகும். இரும்புக் குழாயில் இவ்வோசை நன்கு கேட்கும், பி.வி.சி. குழாயில் அவ்வளவு கேளாது. அங்கே ஈரம், வழக்கத்துக்கு மாறாகச் செழித்த புல், அமுங்கிய மண் ஆகியவையே அடையாளம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஐயமிருந்தால், இரவில் படுக்கப் போகுமுன் நீர்மட்டத்தைக் கரிக்கோட்டால் குறித்துவைத்து, காலையில் எவரும் குழாயைத் திறக்கும் முன்னர்ப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இடம் தெரிந்தபின் அதைச் சுற்றி இரண்டு அடி அளவுக்குத் தோண்டி, குழியில் நீர் தேங்காதபடி ஒரு பக்கமாக வடிகால் வெட்டிவிட வேண்டும். சேற்றில் மூழ்கிய துளைதான் சேற்றை உறிஞ்சும். காற்றில் நிற்கும் துளை காற்றையே உறிஞ்சும். எதுவும் செய்ய இயலாத வீட்டார் இதை மட்டுமேனும் செய்தால் அபாயத்திற் பெரும்பகுதி குறைந்துவிடும். வெட்டிய வாய்க்காலைத் தென்னையின் பாத்திக்கோ வாழைக்கோ திருப்பிவிட்டால் ஒழுகும் நீரும் வீணாகாது.

தற்காலிகக் கட்டு

இணைப்புக் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் திருகு வால்வு இருந்து, ஒழுக்கு அதற்கு உட்புறத்தில் இருந்தால் வேலை எளிது. வால்வை மூடிவைத்து, தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் மட்டும் திறக்கலாம். முழுவதும் திறக்காமல் கால்வாசி திறப்பதும் நல்லது. அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வட்டமான துளையின் ஒழுக்குப் பாதியாகும், பி.வி.சி. குழாயில் நீள வாக்கில் விழுந்த வெடிப்பாயின், அழுத்தம் குறையும்போது வெடிப்பும் சுருங்குவதால் ஒழுக்கு இன்னும் குறையும். வால்வுக்கு வெளியே, தெருப் பக்கத்தில் ஒழுக்கு இருந்தால், ஊராட்சியின் தொட்டி இயக்குபவரிடமோ நகராட்சியிலோ தெரிவிக்க வேண்டும். பெரிய குழாயில் நாமே கை வைக்கலாகாது. தெரிவிப்பதை எழுத்து மூலமாகச் செய்து, நாளையும் குறித்து வைத்துக்கொள்வது நலம், வாய்ச்சொல் மறக்கப்படும்.

கட்டுப் போடுவதற்குப் பழைய சைக்கிள் டியூப்பைவிடச் சிறந்த பொருள் வேறில்லை என்பது எமது துணிபு. இரண்டு விரல் அகலத்துக்கு நீண்ட நாடாவாக அதை வெட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் நின்ற நேரம் பார்த்துக் குழாயைத் துடைத்து, துளைக்கு ஒரு சாண் முன்பிருந்து தொடங்கி, நாடாவை நன்றாக இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் பாதி மீது அடுத்த சுற்று ஏறும்படி சுற்றிக்கொண்டு போக வேண்டும். துளையைத் தாண்டி ஒரு சாண் வரை சென்று, திரும்பவும் அதே வழியே சுற்றி வர வேண்டும். இழுவிசையே இக்கட்டின் உயிர். தளரச் சுற்றினால் பத்துச் சுற்றும் பயன்படா. அதன்மேல் முறுக்கேறிய சணல் கயிற்றைச் சுற்றி முடிச்சிடலாம். துளை சிறியதாயின், அதன்மீது டியூப்பின் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து வைத்து, கடைகளில் கிடைக்கும் ஹோஸ் கிளிப் ஒன்றினால் இறுக்கிவிட்டால் அதுவே போதும். கட்டுக் கம்பியை ரப்பரின் மேல் நேராக முறுக்கினால் அது ரப்பரை அறுத்துவிடும்.

மரையுள்ள மூட்டில் கசிவு கண்டால், தண்ணீரை நிறுத்தி, மூட்டைக் கழற்றி, பழைய சணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, டெஃப்லான் நாடாவை மரை செல்லும் திசையிலேயே சுற்றி மீண்டும் திருகலாம். முற்காலத்தில் சணலுடன் வெள்ளீயப் பூச்சு தடவுவார்கள். அது ஈயம் கலந்த நஞ்சு. குடிநீர்க் குழாய்க்கு ஒருபோதும் ஆகாது. பி.வி.சி. குழாயின் வெடிப்பின் மீது, சொல்யூஷன் எனப்படும் பசையை வெளியே தடவி வைப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். அது காசுக்குக் கேடு. அப்பசை ஒரு குழாய் மற்றொன்றினுள் பொருந்தும் இடத்தில் இரண்டையும் ஒட்டுவதற்கே உரியது. வெடிப்பை மூடும் வலிமை அதற்கில்லை. பிசைந்து ஒட்டும் இருபகுதிப் பசை பயன்படும்; ஆனால் குழாய் உலர்ந்திருக்க வேண்டும், பசை இறுகும் வரை தண்ணீர் விடக்கூடாது.

கட்டுப் போட்ட இடத்தை மண்ணிட்டு மூடிவிடலாகாது. மூடினால் பழுது மறக்கப்படும். மறக்கப்பட்ட கட்டு மண்ணுக்குள் தளர்ந்து, பழைய அபாயம் ஒருவரும் அறியாமலே திரும்பும். குழியின் மீது ஒரு பலகையைப் போட்டு, கட்டுப் போட்ட தேதியைச் சுண்ணாம்பினால் சுவரில் எழுதி வைக்கலாம்.

தறி உள்ள வீடுகளில்

குழித்தறி வைத்திருப்போர் ஒழுக்கை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காற்றில் சிறிது ஈரம் இருந்தால் பருத்தி இழை அறாமல் ஓடும் என்பது உண்மையே. அதனால் சுவரோரம் கசிவதைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. குழிக்குள் ஊறும் நீர் அந்த வகை ஈரமன்று. கஞ்சியிட்ட பாவில் இரண்டு மூன்று நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். எஃகு அச்சில் துரு ஏறி, வெள்ளைப் பாவில் கறையாக இறங்கும். துருக்கறை சலவையில் எளிதில் போவதில்லை. அத்தகைய துணியைச் சங்கம் முழு விலைக்கு ஏற்றுக்கொள்ள இயலாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குழியின் ஓரத்தில் சிறு பள்ளம் ஒன்று எடுத்து, ஊறும் நீர் அதில் சேரும்படி செய்து காலையும் மாலையும் இறைத்துவிட வேண்டும். நெய்யாத நேரத்தில் பாவை உலர்ந்த துணியால் மூடி, அச்சைத் துடைத்து வைக்க வேண்டும். மண்சுவரின் அடியில் கசிவிருந்தால் சுவரைத் தாங்கும்படி முட்டுக்கொடுத்து, அந்தப் பக்கம் படுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஈரம் ஏறிய சுவரில் மின்விசைப் பொத்தான் இருந்தால் அதற்குரிய மின் இணைப்பை மெயினில் நிறுத்திவிட்டே மறு வேலை.

பழுது பார்க்கும் நாளில் தண்ணீர் நிற்குமாதலால், முதல் நாளே அண்டா, குடங்களில் நிரப்பி வைக்கிறோம். அவற்றை இறுக மூட வேண்டும். மூட இயலாதவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய நல்ல நீரிலேதான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும்.

பழுது பார்த்து முடிந்தவுடன், புதிய மூட்டை மண்ணிட்டு மூடுமுன் ஒரு வேளைத் தண்ணீரை அதில் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்வது அவசியம். குழாயை அறுத்தபோது உள்ளே சென்ற மண்ணும் தூளும் போகும் வரை, வீட்டின் கடைசிக் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். தரைத் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, சலவைத் தூள் சேர்த்த புதிய நீரை நிரப்ப வேண்டும். தண்ணீர் தெளிந்து, இரண்டு நாட்கள் நாற்றமோ கலங்கலோ இன்றி வந்த பிறகே கொதிக்க வைப்பதை நிறுத்தலாம். கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் அதனையும் நிறுத்த வேண்டியதில்லை.