அயல்வீட்டுக் கட்டடமும் அனுமதியும்

அயல்வீட்டார் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பினால் நாம் செய்யத்தக்கது யாது? தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய நம்மவர் பலருக்கு இவ்வினா எழுகின்றது. லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. குறை நேர்ந்தால் நிருவாகத்திடம் முறையிட்டனர். வரிசை வீட்டிலோ நிலம் தனித்தனி, இடைச்சுவர் பொது. ஒருவர் அடுக்களையைப் பின்புறம் நீட்டினால் அடுத்த வீட்டின் காற்றும் வெளிச்சமும் குறையலாம், மழைநீர் திசைமாறலாம், சுவர் விரிசல் காணலாம்.

தீபகற்ப மலேசியாவில் இதற்கு இரு சட்டங்கள் உள. 1974 ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம், ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கின்றது. 1976 ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், நிலத்தைத் திட்ட அனுமதியின்றி மேம்படுத்துவதைக் குற்றமாக்குகின்றது. இக்குற்றத்துக்கு 5,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கோலாலம்பூருக்கு மட்டும் 1982 ஆம் ஆண்டின் தனித் திட்டமிடல் சட்டம் உண்டு.

எல்லா வேலைக்கும் திட்ட அனுமதி வேண்டுவதில்லை. வீட்டின் உட்புறத்தை மட்டும் செப்பனிட்டு, உயரம், பரப்பு, பயன், வெளித்தோற்றம், வடிகால், உறுதி ஆகியவற்றை மாற்றாத வேலைக்கு விலக்கு உண்டு. எனவே சுத்தியல் ஓசை கேட்டதுமே குற்றம் என்று முடிவு கட்டலாகாது.

முதற்கண், அயலாரிடம் நேரில் சென்று, மன்றத்தின் ஒப்புதல் பெற்றாயிற்றா என இன்சொல்லால் வினவுக. அடித்தளம் தோண்டும்போதே வினவுவது நன்று. கூரை ஏறியபின் மாற்றுவது அவருக்கும் பெருஞ்செலவாகும். விடை கிடைக்காவிடின் மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு எழுதுக. மன்றம் ஆராய்ந்து, வேலையை நிறுத்தவோ, அனுமதிக்கு விண்ணப்பிக்கவோ கட்டளையிடலாம்; இடிக்கவும் நடவடிக்கை எடுக்கலாம். நாமே சென்று இடிக்கும் உரிமை நமக்கில்லை.

நம் சுவர் வெடித்தாலோ, எல்லை மீறப்பட்டாலோ, இழப்பீடு கோருவது நீதிமன்ற வழி. மன்றம் சட்டமீறலைத் திருத்துமேயன்றி நமக்குப் பணம் வாங்கித் தாராது. எல்லை பற்றிய ஐயத்தை உரிமம் பெற்ற நில அளவையாளரே தீர்ப்பார்.

வேலை தொடங்குமுன்பே பேசும் வாய்ப்பும் ஒன்றுண்டு. 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் திட்ட அனுமதி கேட்டால், அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். அது கிடைத்த 21 நாட்களுக்குள் காரணங்காட்டி மறுப்புத் தெரிவிக்கலாம். அக்கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்போர் தம் உரிமையைத் தாமே இழக்கின்றனர்.

மனு எழுதித் தருமாறு ஆசிரியர்களை நாடி வருவோர் இன்றும் உளர். அவர்களுக்கு எழுதும்போது கண்டதை மட்டும் எழுதுவோம்: வீட்டு எண், வேலை தொடங்கிய நாள், கட்டப்படுவது யாது, நேர்ந்த கேடு யாது. நிழற்படம் இணைத்து, ஒரு படியை அவரிடமே வைத்திருக்கச் சொல்வோம். “அனுமதியின்றிக் கட்டுகிறார்” என்று அறுதியிட்டு எழுதாமல், “அனுமதி உண்டா என ஆராய்ந்தருள்க” என்று எழுதுதல் உண்மைக்கும் பொருந்தும். உறவுக்கும் இடம் வைக்கும். அயலார் பிழை செய்திருப்பினும், நாளையும் அவரே நம் அயலார் அன்றோ?