கேமரன் மலையில் ஒரு பச்சோந்திக் குஞ்சு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் "பச்சோந்தி பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால், "நிறைய பார்த்திருக்கிறேனே!" என்றுதான் பதில் வரும். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். உண்மையில் நாங்கள் பார்த்தது பச்சோந்தியே அல்ல. மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்றழைக்கும் ஓணான் வகை அது. பச்சையாக இருப்பது கையில் பிடித்ததும் பழுப்பாகிவிடும். அதனால் பச்சோந்திப் பட்டத்தை அதற்குக் கொடுத்துவிட்டோம்.

மலேசியக் காடுகளில் உண்மையான பச்சோந்தி இனம் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓர் இனம் உண்டு. பச்சை ஓந்தி என்பதே பச்சோந்தி ஆயிற்று. ஓந்தி என்றால் ஓணான். நம் முன்னோர் கப்பலேறியபோது பெயரைக் கொண்டுவந்தார்கள், விலங்கு அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் நம் மலைக்கென்றே சொந்தமான ஓணான்கள் இருக்கின்றன. தலையிலும் முதுகிலும் முள் வைத்த ஓர் இனத்தை 2009இல்தான் ஆய்வாளர்கள் தனி இனமாக விவரித்து, தித்திவங்சா மலைத்தொடரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். கேமரன் மலையும் பிரேசர் மலையும் அதன் வீடு. அதைப் பிடித்து வந்து வளர்க்க நினைக்க வேண்டாம். காட்டில் பிறந்தது கூண்டில் பெரும்பாலும் தேறாது.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் தம்பி. அவனுக்குப் பதினைந்து வயது. சேர்த்து வைத்த பணத்தில் கீழே பட்டணத்துக் கடையொன்றில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பச்சோந்திக் குஞ்சு வாங்கி வந்தான். 'வெயில்ட்' என்னும் இனம். ஏமன் நாட்டிலும் சவுதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது. வளரும்போது தலையில் கொண்டை எழும்பும். ஆறு வாரத்தில் அது இறந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதை வெறுக்கவில்லை, பட்டினி போடவும் இல்லை. அறியாமையால்தான் கொன்றோம்.

முதல் தவறு கண்ணாடி. பழைய மீன்தொட்டியில் வைத்து, வெயில் படட்டும் என்று சன்னலோரம் நிறுத்தினோம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் 'யூவிபி' என்றொரு பகுதி உண்டு. அது தோலில் பட்டால்தான் பச்சோந்தியின் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகும்; அந்த வைட்டமின் இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை விடும், யூவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வளரும் குஞ்சுக்கு எலும்பு இளகிப்போகும். தம்பியின் குஞ்சுக்கு முன்கால் வில்லாக வளைந்தது. "நடக்கிற ஸ்டைலைப் பாருக்கா" என்று படம் எடுத்து அனுப்பினான். எனக்கும் அது நோய் என்று தெரியவில்லை. கண்ணாடியில் இன்னொரு கெடுதலும் உண்டு. தன் நிழலுருவத்தை எதிரி என்று எண்ணி அது நாளெல்லாம் அஞ்சிக் கிடக்கும். ஆகவே வலைக்கூண்டுதான் வேண்டும். உயரம் அதிகமாக, உள்ளே செம்பருத்திச் செடியும் குறுக்குக் குச்சிகளும் வைக்க வேண்டும். பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் கிடுக்கிபோல் அமைந்தவை. அதற்குத் தரையில் வேலையில்லை. மேலே யூவிபி தரும் குழல்விளக்கைப் பொருத்த வேண்டும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யூவிபி மட்டும் மாதக்கணக்கில் குறைந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், அனேகமாக ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது குளிர். வளர்ப்பு நூல்களில் படிப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளை எண்ணி எழுதப்பட்டவை. நம் நாட்டின் தாழ்நிலத்துக்கும் அவை ஓரளவு பொருந்தலாம். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் அப்படியே பொருந்தா. பச்சோந்தி தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது; வெயில் காய்ந்துதான் சேர்க்கும். சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காது. குஞ்சுக்குப் பகலில் கூண்டின் மேல்பகுதியில் ஓர் இடம் 28, 29 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கீழே போகப் போகக் குறைய வேண்டும். அப்போதுதான் அதுவே ஏறி இறங்கித் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். நம் மலையில் பல பகல்களே இருபதைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கின்றன. எனவே சூடு தரும் விளக்கு கட்டாயம். அதைக் கூண்டுக்கு வெளியே, வலைக்கு மேல் எட்டவே வைக்க வேண்டும். தொட முடிந்தால் சுட்டுக்கொள்ளும். இரவில் வெளிச்சம் கூடாது. வளர்ந்த பச்சோந்தி இரவுக் குளிரை ஓரளவு தாங்கும். குஞ்சுக்கு இருபதுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. பலகை வீட்டில் விடியற்காலை எவ்வளவு குளிரும் என்பதை எங்கள் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒளி தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் விளக்கு கிடைக்கிறது.

தண்ணீர் விஷயம் வேடிக்கையானது. கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் பச்சோந்தி அதைத் திரும்பியும் பாராது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆதலால் காலையும் மாலையும் நீர் தெளிக்கச் சொல்வார்கள். மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊரில் இதை அளவறிந்து செய்ய வேண்டும். ஒரு தெளிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் கூண்டு காய வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரலில் சளி பிடித்துவிடும். வாயைத் திறந்து மூச்சு விட்டால், அதிலும் குளிர்ந்த நேரத்தில், உடனே கவனியுங்கள். கண் குழி விழுந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைக் குஞ்சு வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

இரைக்குச் செங்கெரிக் எனப்படும் சுவர்க்கோழிகள் போதும். அரோவானா மீனுக்கென்று கடைகளில் விற்கிறார்களே, அவைதான். குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்காதீர்கள். முதலில் பூச்சிக்குக் கீரை, கேரட் கொடுத்து வளர்த்து, பிறகு சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். தம்பியோ தோட்டத்து ஓரத்திலும் காய்கறிக் கொல்லையிலும் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டான். மருந்தடித்த செடியில் உட்கார்ந்த பூச்சி எதைத் தின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காய்கறி விளையும் மலையில் வாழ்கிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

நிறம் மாறுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாறுகிறது என்றுதான் நாம் படித்தோம். மேடையில் அரசியல்வாதிகளைத் திட்டவும் அது வசதியாக இருக்கிறது. உண்மையில் மனநிலையும் உடல்சூடும்தான் பெரும் காரணங்கள். குளிர்ந்தால் வெயிலை உறிஞ்சக் கருமையாகும், பயந்தாலும் கருக்கும், எதிரியையோ இணையையோ கண்டால் பளிச்சிடும். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் இனம் ஒன்றை ஆராய்ந்து, அதன் தோல் அணுக்களில் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கி இருப்பதையும், அவற்றின் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் எதிரொளிக்கும் நிறம் மாறுவதையும் காட்டினார்கள். ஆகவே விதவிதமான துணியில் உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பதில் பயனில்லை. கையில் எடுத்தவுடன் நிறம் மாறினால் அது விளையாடவில்லை, நடுங்குகிறது. அதைக் கண்ணால் பார்த்து மகிழ்வதோடு நின்றுகொள்ள வேண்டும். இரண்டை ஒரே கூண்டில் வைக்கவும் கூடாது.

சட்டமும் உண்டு. பச்சோந்திகள் பெரும்பாலும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. பத்திரமில்லாமல் எல்லை தாண்டக் கூடாது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எந்த இனத்துக்கு என்ன உரிமம் என்று பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். இனம் எது, ஆணா பெண்ணா என்பதையும் கேளுங்கள். வெயில்ட் ஆண் குஞ்சுக்குப் பின்னங்கால் குதியில் சிறு முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். பெண் என்றால் துணையில்லாமலே முட்டை வைக்கும். தோண்ட மணல் இல்லையென்றால் முட்டையை வயிற்றிலேயே அடக்கிச் செத்துப்போகும்.

தம்பி இன்னொரு குஞ்சு வேண்டும் என்கிறான். அப்பா முடியாது என்றார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் கூண்டு, விளக்கு எல்லாம் செய்து, வெறுங்கூண்டில் இரண்டு மாதம் சூட்டளவு எழுதிக் காட்ட வேண்டும். இப்போது ஒரு பயிற்சிப் புத்தகத்தில் காலையும் இரவும் எழுதி வருகிறான். போன வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான்: "அக்கா, 17தான். பீங்கான் விளக்கு பத்தாது."