மாமியார் வைத்த பன்னீர் ரோஜா

எங்கள் வீட்டுக் கொல்லையில், மாமியார் வைத்த பன்னீர் ரோஜா இருந்தது. பூ சின்னது, காலையில் பறித்தால் சாயங்காலம் இதழ் உதிர்ந்துவிடும். ஆனால், சாமி படத்துக்கு வைத்தால் வீடே மணக்கும். நானோ, நர்சரியில் கையகலப் பூவோடு நின்ற ஒட்டு ரோஜாவைப் பார்த்து மயங்கி, "இந்த முள்ளுச் செடி எதுக்கு?" என்று அதைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் இதை வைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வருஷம் பெரிய பெரிய பூ, வாசனைதான் இல்லை. பிறகு, அடியிலிருந்து ஒரு கிளை தளதளவென்று வளர்ந்தது. சந்தோஷப்பட்டு விட்டுவிட்டேன். ஒட்டுச் செடிக்கு வேர் காட்டு ரோஜாவுடையதாம். அந்தக் கிளையும் அதனுடையதே. சத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ள, மேலே இருந்த ஒட்டு காய்ந்தே போனது.

ஒருநாள் மாமியார், பக்கத்து வீட்டிலிருந்து பென்சில் கனத்தில் குச்சிகள் வாங்கி வந்தார். "நான் என்னைக்கோ குடுத்த செடிதான்" என்றார். சாண் நீளத்துக்கு நறுக்கி, மழைக்காலத்தில் 6 குச்சி நட்டோம், 2 துளிர்த்தன.

தோழிகளே, பூஜைக்குப் பன்னீர் ரோஜா, பூ ஜாடிக்கு ஒட்டு ரோஜா. இடமிருந்தால் இரண்டும் வையுங்கள். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே வரும் துளிரை அடியோடு கிள்ளிவிடுங்கள். பெரியவர்கள் வைத்த செடியை மட்டும், அவர்களைக் கேட்காமல் பிடுங்காதீர்கள்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.