தசரா முடிந்த பிறகு மணப்பாடு

தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு சுமார் அறுபது கிலோமீட்டர்தான். இடையில் ஒரு டீ குடித்தாலும் பைக்கில் இரண்டு மணி நேரம் போதும். ஆனால் காலாண்டு விடுமுறையில் நண்பர்களோடு கிளம்புகிறவர்கள் ரோட்டைப் பார்க்குமுன் காலண்டரைப் பார்க்க வேண்டும். வழியில் குலசேகரன்பட்டினம் இருக்கிறது. தசராவுக்கு அங்கே முத்தாரம்மனுக்குக் காப்புக் கட்டிய பக்தர்கள் காளி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று வேடம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு, மேளத்தோடு வேனிலும் லோடு ஆட்டோவிலும் வந்துகொண்டே இருப்பார்கள். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அந்த நெரிசலைப் பார்ப்பதற்கென்றே போகலாம். அதற்குள் புகுந்து பிக்னிக் போக முடியாது.

2025-ல் விஜயதசமி அக்டோபர் 2, வியாழக்கிழமை. அந்த வாரம் சனிக்கிழமைதான் தோதான நாள். வந்த கூட்டம் ஊர் திரும்பியிருக்கும், பள்ளிக்கூடம் திறந்திருக்காது, வடகிழக்குப் பருவமழையும் பிடித்திருக்காது. மழை பிடித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த ரோடு தாமிரபரணியின் கடைமடையில் போகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது இந்தப் பக்கத்து ஊர்கள் தீவு தீவாக நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது வண்டி. ஆயுத பூஜை முடிந்த பைக்கை அப்படியே ரோட்டில் இறக்கக் கூடாது. ஹேண்டில்பாரில் கட்டிய வாழைக்கன்று இண்டிகேட்டரை மறைக்கும். மாலை வாடி நார் தளர்ந்தால், காற்றில் ஆடி முன்சக்கரத்துக் கம்பியில் சிக்கும். ஹெட்லைட் கண்ணாடியில் இழுத்த விபூதிப் பட்டை விடியற்காலையில் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். எல்லாவற்றையும்விட மோசம், பக்தி மிகுந்து டிஸ்க் பிரேக் தட்டில் வைத்த சந்தனம். அதைச் சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்து, தெருவுக்குள்ளேயே நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகுதான் மெயின் ரோடு. பொட்டு வேண்டுமென்றால் பெட்ரோல் டேங்கில் இருக்கட்டும், ஒரு கெடுதலும் இல்லை.

சாப்பாடு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு: அது புரட்டாசி. அதிலும் சனிக்கிழமை. கூட்டத்தில் பாதிப் பேர் மீன் வாசனைக்கே முகம் சுளிப்பார்கள், மீதிப் பேர் மணப்பாட்டுக்குப் போய் மீன் இல்லாமலா என்பார்கள். பொதுவுக்குப் புளிச்சோறு கட்டிவிடுவது உத்தமம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சோறு ஆறிய பிறகு பிசைந்து, வாட்டிய வாழை இலையில் ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டினால் மத்தியானம் வரை கெடாது. சூட்டோடு கட்டினால் வேர்த்துவிடும். அவித்த முட்டையையும் கருவாட்டுத் தொக்கையும் வேண்டியவர்கள் தனி டப்பாவில், தனி வண்டியில் கொண்டு வரட்டும். மக்ரூன் வாங்குவதென்றால் பாலித்தீன் பையில் தொங்கவிடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த பண்டம், ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் உடையும், உப்புக்காற்றுப் பட்டால் பிசுபிசுக்கும். மூடி இறுகிய டப்பாவில் அடைத்து, பின்னால் இருப்பவர் மடியில் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தரைக்குக் கிளம்பினால் முள்ளக்காட்டு உப்பளத்தில் விடியும். பாத்திகள் வரிசையாக வெளிச்சம் வாங்கும். உப்பெடுப்பு முடிகிற காலம் என்பதால், மழைக்கு முன் அம்பாரத்தை மூடுகிற வேலையும் கண்ணில் படலாம். இந்த ரோட்டில் ஒரு வசதி: நேர் தெற்காகப் போகிறது. போகும்போது வெயில் இடது பக்கம் கடல் மேலிருந்து வரும், மாலையில் வடக்கே திரும்பும்போதும் இடது பக்கமே. முகத்துக்கு நேரே ஒருபோதும் அடிக்காது.

முக்காணி தாண்டினால் தாமிரபரணிப் பாலம், அதைக் கடந்தால் வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர். அங்கே டீக்கு நிறுத்தலாம். ஆறு கொண்டு வந்த வண்டல்தான் இந்தக் கடற்கரையின் கதையையே மாற்றியது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று வயலும் வாழையுமாக உள்நாட்டில் கிடக்கிறது. அடுத்து வந்த காயல் துறைமுகத்துக்கும் அதே கதிதான். முத்துக்குளிப்பு மட்டும் கடலிலேயே தொடர்ந்தது. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதற்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் பார்களில் முத்துச்சிப்பி பழையபடி விளையவில்லை.

திருச்செந்தூரை ஊருக்குள் நுழையாமல் கடந்துவிடுங்கள், சனிக்கிழமைக் கூட்டம் தாங்காது. கல்லாமொழிப் பக்கம் அனல்மின் நிலைய லாரிகள் மண்ணை உதிர்த்துவிட்டுப் போகும். அங்கே முன்பிரேக்கை மட்டும் பிடிப்பது ஆபத்து. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது வந்த பிறகு இந்தக் கரையில் பிக்னிக் எப்படி இருக்குமோ!

மணப்பாட்டில் வண்டியை மணலில் இறக்காதீர்கள். கெட்டித் தரையில் நிறுத்தி, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்றைக் கொடுங்கள். இல்லையென்றால் சாப்பிட்டு வருவதற்குள் வண்டி படுத்திருக்கும். மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், அதன் கீழே கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் இடம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போய் வரலாம். சாப்பாட்டை அங்கே விரிக்க வேண்டாம்.

சாப்பிட, குன்று காற்றை மறைக்கிற பக்கமாக இறங்கி இடம் பிடிக்க வேண்டும். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து வட்டமாக உட்கார்ந்து, பொட்டலத்தைப் பாதி மட்டும் பிரித்துச் சாப்பிட்டால் புளிச்சோறு புளிச்சோறாகவே இருக்கும். முழுக்கப் பிரித்தவருக்குப் பல்லில் நறநறவென்று மணப்பாட்டு மணல். குளிக்க ஆசைப்படுகிறவர்கள் ஆறு கடலில் சேரும் முகத்தில் இறங்க வேண்டாம். வற்றுநீர் நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரே ஆளை வெளியே இழுக்கும். எங்கே இறங்கலாம் என்பதை வலை பின்னிக்கொண்டிருக்கிற அண்ணாச்சி யாரிடமாவது கேட்டால் சொல்லிவிடுவார்.

மூன்றரைக்குத் திரும்பினால், உடன்குடிக்கு ஒதுங்கிக் கருப்பட்டி வாங்க நேரம் இருக்கும். ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்போடு லேசான கரிப்பு தட்ட வேண்டும். வெறும் இனிப்பாக இருந்தால் சீனி கலந்தது.

வீடு வந்ததும் படுத்துவிடாமல், இன்ஜின் ஆறியதும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவ வேண்டும். மட்கார்டின் உட்புறம், ஸ்டாண்டு ஸ்பிரிங், சைலன்சர் அடி, இந்த மூன்றிலும்தான் உப்பு ஒளிந்திருக்கும். செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஆயில் விடுங்கள். மணலோடு ஆயில் விட்டால் அது ஸ்பிராக்கெட் பல்லை அரம் மாதிரி தேய்த்துவிடும். இந்த வேலைக்குப் பின்சீட்டில் வந்தவரும் கூட இருக்க வேண்டும். பெட்ரோலில் பாதிக் காசு கொடுத்துவிட்டேன் என்று அவர் நழுவினால், அடுத்த தடவை மக்ரூன் டப்பா அவர் மடிக்குப் போகாது.